மறைந்துபோன ஒரு பைப் ஆர்கன்: பிராங்க்பர்ட் பவுல் ஆலயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஆலயத்தில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிப்பவன் நான். ஒருநாள் பாடகர் குழு ஒத்திகையின் டீ இடைவேளையில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் இருந்து காணாமல்போன ஒரு பைப் ஆர்கனைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. அதே கேள்விகளுக்கு அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பைப் ஆர்கன்னா என்ன? நம்ம சர்ச்ல இருக்கிற ஆர்கன்தானே?

இல்லை. நம் ஆலயங்களில் 'ஆர்கன்' என்று எதைக் காட்டினாலும் அது பெரும்பாலும் மின்சாரக் கீபோர்டு. கொஞ்சம் பழைய ஆலயமாக இருந்தால் மூலையில் துணி போர்த்திய ஒரு ரீடு ஆர்கன் இருக்கும். காலால் மிதித்துக் காற்றடித்து வாசிப்பது. இரண்டிலுமே குழல் கிடையாது. பைப் ஆர்கன் என்பது அடிப்படையில் புல்லாங்குழல்களும் நாயனங்களும் சேர்ந்த ஒரு பெரும் படை. துருத்தியிலிருந்து காற்று ஒரு பெட்டிக்கு வரும், கட்டையை அழுத்தினால் அதற்குரிய குழலின் அடியில் வால்வு திறக்கும், குழல் பாடும்.

ஒரு குழல் ஒரே ஒரு ஸ்வரத்தைத்தான் தரும். அதுவும் ஒரே ஒரு குரலில்தான். புல்லாங்குழல் மாதிரி ஒரு குரல் வேண்டுமென்றால், கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல் என்று ஒரு முழு வரிசை வேண்டும். இந்த வரிசைக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். எக்காளம் மாதிரி வேண்டுமானால் இன்னொரு வரிசை. வாசிப்பவரின் இரு பக்கமும் குமிழ்கள் இருக்கும். அவற்றை இழுத்தால் அந்தந்த வரிசை பாடத் தயாராகும். நம் கீபோர்டில் 'வாய்ஸ்' பொத்தானைத் தட்டுகிறோமே, அதன் பாட்டனார் இந்தக் குமிழ்தான்.

நீங்க சொல்ற ஆர்கன் எங்க இருந்துச்சு?

பிராங்க்பர்ட்டின் பவுல் ஆலயத்தில். ஜெர்மானியர் அதைப் பவுல்ஸ்கிர்ஷே என்பார்கள். லுத்தரன் ஆலயம். அந்த இடத்தில் முன்பு பிரான்சிஸ்கன் துறவிகளின் பழைய ஆலயம் ஒன்று இருந்தது. அது சிதிலமாகிவிட்டதால் 1786ல் இடித்துவிட்டு, 1789ல் புதிய கட்டடத்தை ஆரம்பித்தார்கள். நடுவில் நெப்போலியன் காலத்துப் போர்கள், பணமுடை. கட்டி முடிக்க 1833 ஆகிவிட்டது. நம் ஊரில் பாதியில் நிற்கும் மேம்பாலங்களைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கட்டடத்தின் வடிவம்தான் விசேஷம். சிலுவை வடிவமோ நீண்ட மண்டபமோ இல்லை, முட்டை வடிவம். உள்ளே சுற்றிலும் 20 தூண்கள், அவற்றின் மேல் வளைந்து ஓடும் மாடம். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பிரசங்கியின் முகம் தெரிய வேண்டும் என்ற எண்ணம். அந்த மாடத்தில், பிரசங்க பீடத்துக்கு மேலே ஆர்கன் நின்றது. 1833 ஜூன் 9ல் ஆலயப் பிரதிஷ்டை.

யார் கட்டினது?

எபெர்ஹார்ட் பிரீட்ரிக் வால்கர். 1794ல் ஷ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள கான்ஷ்டாட்டில் பிறந்தவர். அப்பாவும் ஆர்கன் கட்டுபவர்தான். மகன் 1820ல் லுட்விக்ஸ்பர்க் நகரில் தனிப் பட்டறை போட்டார். பவுல் ஆலய வேலை 1827ல் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 33. அதற்கு முன் அவர் செய்தவை சின்னச் சின்ன ஆர்கன்கள். அப்படிப்பட்டவரை நம்பி ஒரு பெரிய வணிக நகரம் தன் தலைமை ஆலயத்தின் வாத்தியத்தை ஒப்படைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியமே. ஆறு வருஷம் எடுத்துக்கொண்டு 74 ஸ்டாப்போடு கட்டி முடித்தார். அது முடிந்ததும் அவர் பெயர் ஐரோப்பா முழுவதும் போனது.

74 ஸ்டாப்னு சொல்றீங்க. அது அவ்வளவு பெரிய விஷயமா?

அந்தக் காலத்துக்கு மிகப் பெரியது. ஓர் ஊர் ஆலயத்துக்குப் பத்துப் பதினைந்து ஸ்டாப் இருந்தாலே தாராளம். முதல் பதிலில் சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு ஸ்டாப் என்றால் ஒரு கட்டைக்கு ஒரு குழல். சில ஸ்டாப்புகளில் ஒரே கட்டைக்கு மூன்று நான்கு குழல்கூட உண்டு. ஆக, 74 ஸ்டாப் என்றால் குழல்களின் எண்ணிக்கை ஆயிரங்களில் போகும். கைக்கு மூன்று கீபோர்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி. காலுக்கு இரண்டு.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவர் தேடிய ஒலி. அதற்கு முந்தைய நூற்றாண்டின் ஆர்கன்கள் கூர்மையும் பளபளப்புமாக, ஒவ்வொரு வரியும் தனித்துக் கேட்கும்படி பாடுபவை. வால்கருக்கு வேண்டியிருந்தது ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் கனமும் மென்மையும். அபே வோக்லர் என்றொரு பாதிரியார் இருந்தார். இசையமைப்பாளர், ஊர் ஊராகப் போய் ஆர்கனைப் பற்றிப் புதுப்புதுக் கருத்துகளைச் செய்து காட்டியவர், 1814ல் பிராங்க்பர்ட் பக்கத்து டார்ம்ஷ்டாட்டில் இறந்தார். அவருடைய கருத்துகள் வால்கரைப் பிடித்து ஆட்டியிருந்தன. காற்றில் கரைகிற மெல்லிய ஒலியிலிருந்து கட்டடம் அதிரும் முழக்கம் வரை ஒரே வாத்தியத்தில் வேண்டும் என்பது அந்த ஆசை. ஜெர்மனியின் 'ரொமான்டிக் ஆர்கன்' என்ற மரபை இந்தப் பவுல் ஆலய ஆர்கனிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள்.

காலுக்கு ரெண்டு கீபோர்டா? ஒண்ணு வாசிக்கவே நாக்கு தள்ளுது!

தள்ளும்தான். ஆனால் இந்த இரண்டாவது, சிரமத்தைக் குறைக்க வந்தது. ஒரே பெடல் வரிசை இருந்தால், பெரிய முழக்கத்திலிருந்து மெல்லிய பகுதிக்கு வரும்போது கீழ்ஸ்தாயிக் குமிழ்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும். கை இரண்டும் வாசித்துக்கொண்டிருக்கும்போது யார் தள்ளுவது? பக்கத்தில் ஒரு உதவியாளரை நிறுத்த வேண்டும். இரண்டு வரிசை இருந்தால், ஒன்றில் கனமான ஒலிகள், இன்னொன்றில் மென்மையானவை. காலை மாற்றி வைத்தால் போதும்.

வால்கர் பின்னால் கட்டிய சில பெரிய ஆர்கன்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. 1856ல் முடிந்த உல்ம் பேராலயத்தின் 100 ஸ்டாப் ஆர்கன் ஒன்று. அப்புறம் வழக்கொழிந்துவிட்டது. குமிழ்களை மொத்தமாக மாற்றும் வசதிகள் வந்ததும் இரண்டாவது பெடலுக்கு வேலையில்லாமல் போனது.

32 அடி, 16 அடினு சொல்றாங்களே, குழாய் நிஜமாவே அவ்வளவு நீளமா?

நிஜமாகவே. அல்லது பாதி. ஸ்டாப்பின் பெயருக்குப் பின்னால் வரும் அடிக்கணக்கு, அந்த வரிசையின் மிகக் கீழான 'சி' குழலின் நீளம். 8 அடி என்றால் பியானோவில் எழுதியிருக்கும் அதே ஸ்தாயி. 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. 32 அடி இரண்டு ஸ்தாயி கீழே. 32 அடி என்பது கிட்டத்தட்ட மூன்று மாடி வீட்டின் உயரம். குழலின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே கீழ்ஸ்வரம் வந்துவிடும், அதனால் இடமில்லாத இடங்களில் 16 அடி மரக்குழலை மூடி 32 அடி ஒலியை வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலின் வாயில் ஊதிப் பார்த்திருப்பீர்களே, அதுவும் ஒரு பக்கம் மூடிய குழல்தான்.

பவுல் ஆலயத்தில் 32 அடி வகையும் இருந்தது. அதன் கடைசிக் குழல் விநாடிக்குச் சுமார் 16 முறைதான் அதிரும். மனிதக் காது 20க்குக் கீழே ஸ்வரமாகக் கேட்காது. பிறகு எதற்கு அது? உட்கார்ந்திருக்கும் பெஞ்சு வழியாக முதுகில் ஏறும். சபை பாடும்போது அடியில் ஒரு தரை இருப்பது போன்ற உணர்வு. நல்ல தவில் அடிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நெஞ்சில் இது என்னவென்று தெரியும்.

அவ்வளவு குழலுக்கும் கரண்ட் இல்லாத காலத்துல யார் காத்தடிச்சா?

ஆட்கள்தான். துருத்தி மிதிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள். பெரிய ஆர்கனுக்கு ஒருவர் போதாது. வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் வரும். மிதிப்பவர் பெயர் எங்கும் வராது.

இன்னொன்று, கட்டைக்கும் வால்வுக்கும் நடுவே அன்று இருந்ததெல்லாம் மெல்லிய மரச்சட்டங்களும் கம்பிகளும்தான். மூன்று கீபோர்டையும் ஒன்றாக இணைத்து வாசித்தால் விரல்கள் அத்தனை வால்வுகளையும் சேர்த்து இழுக்க வேண்டும். முழு ஆர்கனை அரைமணி நேரம் வாசிப்பது உடற்பயிற்சிதான். வால்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கூம்பு வால்வுப் பெட்டி, அதாவது ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகக் கூம்பு வடிவ வால்வு வைக்கும் முறை, 1840களில்தான் வந்தது. பவுல் ஆலயத்தில் இருந்தது பழைய வகைப் பெட்டி.

நம்ம ஹார்மோனியத்துக்கும் இதுக்கும் ஏதாவது சொந்தம் உண்டா?

உண்டு, ஒன்றுவிட்ட சொந்தம். ஹார்மோனியத்தைத் திறந்தால் பித்தளைத் தகட்டில் நாக்குகள் வரிசையாகத் தெரியும். நாக்கு, தன் துளையின் விளிம்பில் இடிக்காமல் உள்ளும் வெளியும் தாராளமாக ஆடும். எக்காள வகை ஆர்கன் குழல்களில் பொதுவாக நாக்கு விளிம்பில் தட்டி அதிரும். ஒலி கரகரப்பாக, அதட்டலாக வரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடும் நாக்கு ஜெர்மன் ஆர்கன் கட்டுபவர்களைக் கவர்ந்தது. வால்கருக்கு அதில் தனிப் பிரியம். காற்றை ஏற்றி இறக்கினால் ஒலியும் ஏறி இறங்கும், ஸ்வரம் பிசகாது என்பதுதான் காரணம். நம் பாகவதர்கள் துருத்தியை அழுத்தி ஒரு ஸ்வரத்தைப் பொங்க வைப்பதும் இதே சூட்சுமம்தான். ஹார்மோனியத்துக்குப் பாரிசில் டெபேன் காப்புரிமை வாங்கியது 1842ல். பவுல் ஆலய ஆர்கன் அதற்கு ஒன்பது வருஷம் மூத்தது.

ஆர்கனை ஒரு படத்தை வெச்சு மறைச்சாங்களாமே, ஏன்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 1848 மார்ச்சில் ஜெர்மன் நாடுகளெங்கும் புரட்சி வெடித்தது. அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு இல்லை. முடியரசுகளும் சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களும்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் அரசியல் சட்டம் எழுத, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தேசிய சபையைக் கூட்ட முடிவாயிற்று. இடம் பிராங்க்பர்ட். நூற்றுக்கணக்கான உறுப்பினர்களும் வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கான மக்களும் உட்காரக்கூடிய மண்டபம் எங்கே? பவுல் ஆலயத்தை விட்டால் வேறில்லை. பிரசங்கியின் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று கட்டிய முட்டை வடிவம், பேச்சாளர் முகம் தெரியவும் உதவியது.

ஆனால் ஆலயம் ஆலயமாகவே தெரிந்தால் சபை சபையாக இருக்குமா? பீடம் இருந்த இடத்தில் சபைத் தலைவரின் இருக்கை வந்தது. அதற்கு நேர் மேலே, எல்லோர் கண்ணும் போய் நிற்கும் இடத்தில், ஆர்கன். அதை மறைக்க பிலிப் ஃபைட் என்ற ஓவியர் அந்த மார்ச் மாதமே அவசர அவசரமாக 'ஜெர்மானியா' என்ற பெண் உருவத்தை வரைந்து கொடுத்தார். கட்டி 15 வருஷமே ஆன, ஜெர்மனியே பேசிய ஆர்கன் துணிக்குப் பின்னால் போனது. மே 18ல் சபை கூடியது.

இதில் ஒரு குடும்பக் கதையும் ஒளிந்திருக்கிறது. ஃபைட்டின் அம்மாவும் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அக்காலத்தில் ஆர்கனுக்குப் புத்துயிர் கொடுத்தவர் என்றால் மெண்டல்சோன்தான். 1845ல் ஆறு ஆர்கன் சொனாட்டாக்களை வெளியிட்டவர். 1847 நவம்பரில் அவர் இறந்தார். நாலு மாதம் கழித்து அவருடைய அத்தை மகன் வரைந்த துணி ஆர்கனை மூடியது.

அந்தப் படத்துல என்ன இருந்துச்சு? இப்ப எங்க இருக்கு?

மெல்லிய பருத்தித் துணியில் வரைந்தது. நெருங்கிப் பார்த்தால் ஓவியம் என்பதைவிட மேடைத் திரைச்சீலை என்றே தோன்றும், வேலையும் அதுதான். தலையில் ஓக் இலைக் கிரீடம், மார்பில் இரட்டைத் தலைக் கழுகு. ஒரு கையில் கறுப்பு-சிவப்பு-பொன் கொடி. மற்றதில் வாள், அந்த வாளிலேயே சமாதானத்துக்கு ஒரு சிறு கிளையும். காலடியில் உடைந்த விலங்கு. பின்னால் சூரியன் உதிக்கிறது. அடையாளங்கள் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று பட்டியல் போட்டு வரைந்தது போல இருக்கும்.

உயரம் 4.82 மீட்டர், அகலம் 3.20 மீட்டர். 1860களில் நியூரம்பெர்க்கின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான். மூடிய துணி பத்திரமாக இருக்கிறது, மூடப்பட்ட வாத்தியம் இல்லை.

4.82 மீட்டர்னா 16 அடிகூட இல்ல. 32 அடி ஆர்கனை அது எப்படி மறைக்கும்?

கணக்கு வாத்தியார் கேட்ட கேள்வி இது, நியாயமானது. முதலாவது, பெரிய குழல்கள் முகப்பில்தான் நிற்க வேண்டும் என்றில்லை. முகப்பில் தெரிவது ஆர்கனின் சின்னப் பகுதி. பெரும்பாலான குழல்கள் உள்ளே இருட்டில்தான் நிற்கும். 32 அடி ஒலிக்குப் பாதி உயரக் குழலும் போதும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, படம் தனியாகத் தொங்கவில்லை. இருபக்கமும் திரைகளும் கொடிகளும் சேர்ந்தே மறைத்தன. கண்ணை நடுவில் இழுத்துப் பிடிக்கத்தான் படம்.

சபை கலைஞ்ச பிறகு ஆர்கன் திரும்ப வாசிச்சுச்சா?

வாசித்தது. அதற்கு முன் நடந்தது சுருக்கமாக: 1848 நவம்பரில் ஆலயத்துக்கு வெப்பமூட்டும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்ததால் சபை இரண்டு மாதம் வேறொரு ஆலயத்துக்குப் போனது. 1849 மார்ச்சில் அரசியல் சட்டம் நிறைவேறியது. பிரஷ்ய மன்னர் தமக்கு நீட்டப்பட்ட மகுடத்தை மறுத்துவிட்டார். மே மாதம் பிராங்க்பர்ட்டில் கடைசி அமர்வு. மிச்சமிருந்தவர்கள் ஷ்டுட்கார்ட் போய் அங்கே கலைக்கப்பட்டார்கள். பவுல் ஆலயத்தில் 1852ல்தான் மறுபடி ஆராதனை தொடங்கியது. அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேல் ஆர்கன் தன் வேலையைப் பார்த்தது.

குண்டு விழுந்துதானே அழிஞ்சுது? அதுல என்ன பெரிய மர்மம்?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1944ல் எரிந்தது உண்மை. ஆனால் 1833ல் வால்கர் கட்டிய ஆர்கன் அப்படியே 1944 வரை நிற்கவில்லை. 1899ல் அதே வால்கர் நிறுவனம், அதாவது அவருடைய வாரிசுகள், அதைப் பெரிய அளவில் மாற்றிக் கட்டியது. அவர் 1872லேயே இறந்துவிட்டார். ஆகவே விமானங்கள் வருவதற்கு 45 வருஷம் முன்பே 1833ன் ஒலி போய்விட்டது. குண்டைத் திட்டுவது சுலபம். இந்த முதல் இழப்புக்குத் திட்ட ஆள் கிடையாது. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள்.

நல்லா இருந்ததை எதுக்கு மாத்தணும்? பைத்தியக்காரத்தனமா இல்ல?

அன்றைக்கு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. 66 வருஷப் பழைய இயந்திரம். தோல் வெடிக்கும், மரம் வளையும், தூசி அடையும். அதே சமயம் காற்றழுத்தத்தால் வால்வைத் திறக்கும் புதிய முறை பரவிவிட்டது. மேலே சொன்ன அந்த உடற்பயிற்சி இனி வேண்டாம், தொட்டால் போதும். ரசனையும் மாறியிருந்தது. வீட்டில் அம்மியை எடுத்துவிட்டு மிக்ஸி வைத்தபோது நாம் யாரும் அழவில்லை. அம்மிச் சட்னியைப் பற்றி ஏங்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

ஏக்கம் சீக்கிரமே வந்தது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் என்றால் நமக்கு ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்தியவர். அவர் தேர்ந்த ஆர்கன் கலைஞரும்கூட. 1896ல் ஷ்டுட்கார்ட்டில் ஒரு புத்தம்புதிய ஆர்கனைக் கேட்டு, ஒலி எல்லாம் கலங்கிக் குழம்பியிருக்கிறதே என்று அதிர்ந்துபோனார். 1906ல் ஜெர்மன், பிரெஞ்சு ஆர்கன் கலைகளை ஒப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதி, பழைய ஆர்கன்களைக் கழற்றி எறியாதீர்கள் என்று வாதாடினார். வால்கர் பட்டறையின் பழைய வேலைகள்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. பவுல் ஆலயத்தைப் பொறுத்தவரை ஏழு வருஷம் தாமதம்.

1944ல சரியா என்ன நடந்துச்சு? ஒரு குழல்கூட மிஞ்சலையா?

மார்ச் 18 இரவு விமானத் தாக்குதலில் ஆலயம் தீப்பிடித்தது. 1848 புரட்சியில் பெர்லின் வீதிகளில் சண்டை நடந்த அதே மார்ச் 18. கூரை உள்ளே விழுந்தது. வெளிச்சுவர் மட்டும் முட்டை ஓடு மாதிரி நின்றது. நாலு நாள் கழித்து வந்த அடுத்த பெரிய தாக்குதல் பழைய நகரத்தையே முடித்துவிட்டது.

ஆர்கன் தீயைத் தாங்கவே தாங்காது. பெட்டி, சட்டம், பெரிய குழல்கள் எல்லாம் உலர்ந்த மரம். துருத்தி தோல். உலோகக் குழல்கள் வெள்ளீயமும் காரீயமும் கலந்தவை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327ல். இரண்டும் கலந்தால் இன்னும் கீழே. ரேடியோ ரிப்பேர் கடையில் சூட்டுக்கோல் பட்டதும் கம்பி வெள்ளி முத்தாக உருண்டு விழுமே, கிட்டத்தட்ட அதே உலோகம்தான். எரியும் கூரைக்கு அடியில் அதற்கு எத்தனை நிமிஷம்?

அப்படியே திரும்பக் கட்டியிருக்கலாமே? ஜெர்மன்காரங்களுக்கு முடியாததா?

கட்டடத்தை வெகு வேகமாகக் கட்டினார்கள். 1848 சபையின் நூற்றாண்டான 1948 மே 18க்குள் முடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சாக வேலை நடந்தது. ஊரே இடிபாடாகக் கிடந்த நேரத்தில், ஜெர்மனியின் பல பகுதிகளிலிருந்தும் பணமும் பொருளும் வந்தன. ஆனால் கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் பழையதை நகலெடுக்கவில்லை. மாடம் இல்லை, தூண் வரிசை இல்லை. வெள்ளைச் சுவர், எளிமையான மண்டபம். தோற்ற நாட்டுக்கு அலங்காரம் எதற்கு என்ற மனநிலை. கூடவே அது ஆலயமாகவும் தொடரவில்லை. நகரத்தின் நினைவு மண்டபமாயிற்று. பவுல் சபையார் பக்கத்திலிருக்கும் பழைய நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆராதிக்கிறார்கள்.

மாடமே இல்லாத இடத்தில் பழைய ஆர்கனை எங்கே வைப்பது? ஆர்கன் என்பது பாதி வாத்தியம், மீதி கட்டடம். குழல் எழுப்பும் ஒலியைச் சுவரும் கூரையும் சேர்ந்துதான் முடித்து வைக்கின்றன. 74 ஸ்டாப்பையும் அச்சு அசலாகச் செய்து வைத்தாலும் இந்த வெள்ளை மண்டபத்தில் 1833 கேட்காது. 1988ல் பான் நகரின் கிளைஸ் நிறுவனம் 45 ஸ்டாப்போடு ஒரு புதிய ஆர்கன் வைத்தது. அது பழையதன் நகல் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய ஆர்கனோட ரெக்கார்டிங் ஏதாவது யூடியூப்ல கிடைக்குமா?

கிடைக்காது. 1899க்கு முன் இருந்தது மெழுகு உருளையும் கொம்பும்தான். கொம்பின் முன்னால் பாடினால் பதியும். மண்டபம் நிறைய நிற்கும் ஆர்கன் பதியாது. மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925 வாக்கில் வந்தது. யூடியூப்பில் 'பவுல்ஸ்கிர்ஷே ஆர்கன்' என்று வருவது கிளைஸ் ஆர்கன்.

உறவினர்களைக் கேட்கலாம். ஹோஃபென்ஹைம் என்றதும் கால்பந்து ரசிகர்களுக்கு ஓர் அணி ஞாபகம் வரும். அந்தச் சின்ன ஊரின் ஆலயத்தில் 1846ல் வால்கர் கட்டிய ஆர்கன் இன்றும் பாடுகிறது. ஷ்ராம்பெர்க் நகரின் புனித மரியா ஆலயத்தில் 1844ன் ஆர்கன் உண்டு. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். போனின் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி வரவே வராது. நான் முதலில் கேட்டபோது எதிர்பார்த்தது இடி, கிடைத்தது மூச்சு.

அவர் கட்டின மத்த பெரிய ஆர்கன்கள் பத்திரமா இருக்கா?

பெரியவற்றுக்கு யோகம் குறைவு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பேதுரு ஆலயத்துக்கு 1840ல் ஒன்று கட்டினார். இளம் சைக்கோவ்ஸ்கி ஆர்கன் பாடம் படித்த ஆலயம் அது. சோவியத் காலத்தில் அந்த ஆலயத்தை மூடி, 1962ல் நீச்சல்குளமாக்கினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் இசை மண்டபத்துக்கு 1863ல் போனது 89 ஸ்டாப் ஆர்கன். இருபது வருஷத்தில் கழற்றப்பட்டு, பக்கத்து மெத்யூனில் அதற்கென்றே கட்டிய மண்டபத்தில் இன்றும் நிற்கிறது. ஆனால் 1947ல் வேறு நிறுவனம் மாற்றிக் கட்டிவிட்டது. செதுக்கு வேலைகளைப் பார்க்கலாம், வால்கரின் ஒலியைத் தேடாதீர்கள். முழுசாகத் தப்பித்த பெரியது லாட்வியாவின் ரீகா பேராலயத்தில்: 1884, 124 ஸ்டாப், 6,718 குழல்கள். அன்று உலகிலேயே பெரியது. ஆனால் அது மகன்கள் காலத்து வேலை.

இதுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா, இல்ல சும்மா சொல்றீங்களா?

ஆர்கனுக்கு இல்லை. இடத்துக்கு உண்டு. பவுல் ஆலயத்துக்கு முன் அங்கே இருந்த பழைய ஆலயத்தில் 1666 முதல் இருபது வருஷம் தலைமைப் போதகராக இருந்தவர் பிலிப் யாக்கோப் ஷ்பேனர். வீட்டில் கூடி வேதம் வாசிப்பது, உள்ளத்தின் பக்தி என்று அவர் தொடங்கிய இயக்கம்தான் 'பயட்டிசம்' என்ற லுத்தரன் பக்தி இயக்கமாக ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனது. ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அதன் பின்தான்.

இன்னொன்று பிற்காலத்தது. ஜெர்மன் புத்தக வணிகர்களின் சமாதானப் பரிசு இந்த மண்டபத்தில்தான் வழங்கப்படுகிறது. 1961ல் பெற்றவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

நெட்ல தேடினா வேற வேற படம் வருது. எது எந்த ஆர்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உட்கார இடமில்லாமல் மனிதர்கள் நெருக்கியடித்த கறுப்பு-வெள்ளைச் சித்திரம், நடுவில் உயரே கொடி பிடித்த பெண் என்றால் அது 1848. ஆர்கன் தெரியாது, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. தூண்களும் வளைந்த மாடமும் இருந்து, பெண் இல்லாமல் குழல் முகப்பு தெரிந்தால் 1944க்கு முந்தையது. அதிலும் 1899க்கு முன்னா பின்னா என்று முகப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மாற்றம் உள்ளே நடக்கும், வெளியே தெரிய வேண்டுமென்றில்லை. வெள்ளைச் சுவர், வரிசையாக மாநிலக் கொடிகள், வண்ணப்படம் என்றால் 1988ன் கிளைஸ்.

நீச்சல்குளத்துக்கு மேலே ஆர்கன் மாடம் தெரிகிற படம் ஒன்றும் சிலர் அனுப்பிக் கேட்கிறார்கள். அது பிராங்க்பர்ட் இல்லை. மேலே சொன்ன பேதுரு ஆலயம்.